நாற்பத்தோராம் மொழி

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனாரும், நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் ஆசிரியருமான அடியேன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், என் ரத்தக் கொதிப்பு மட்டும் என்னைவிடச் சௌக்கியமாக இருக்கிறது. அங்கு நீங்களும் எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது. தொலைபேசியில் கூப்பிட்டால் மகள் எடுத்து, “அப்பா, அவர் மீட்டிங்ல இருக்கார்” என்கிறாள். மூன்று வாரமாக அதே மீட்டிங்தான் நடக்கிறது போலிருக்கிறது. சரி, உங்கள் நிறுவனத்தின் குறை கேட்கும் எண்ணுக்குப் பேசுவோம் என்று பேசினால் அங்கேயும் உங்கள் பாடச் செயலியில் வரும் அந்த நரிதான் எடுக்கிறது. “உங்க பிரச்சினை எனக்கு நல்லாப் புரியுது” என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை. சொல்வதற்கு முன்பே புரிந்துகொள்ளும் பிராணியிடம் நான் என்னத்தைச் சொல்ல? அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதம் மீட்டிங்குக்குப் போகாது, வீட்டுக்குத்தான் வரும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மறந்துவிடுவேனோ என்று உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் “மரியாதையா எழுதுங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தில் எங்கெல்லாம் கடுமையான சொல் வருகிறதோ, அங்கெல்லாம் அது நரியைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நரியை வரைந்தது யார், அதற்குக் கண்ணாடி மாட்டியது யார், அதை ஊர் ஊராக விற்பது யார் என்கிற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை.

சென்ற வருட விடுமுறைக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: “மாமா, உங்க ஸ்கூல்ல இருந்தே ஆரம்பிச்சுடலாம். முதல் வருஷம் இலவசம்.” தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் அது மாடுதானா என்றுகூடப் பார்க்கவில்லை. மறுவாரமே தலைமையாசிரியையிடம் போய், “எங்க மாப்பிள்ளை செஞ்சதுங்க, நல்லாத்தான் இருக்கும்” என்று என் வாயாலேயே சொன்னேன். வேலியோடு போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. இன்று ஆசிரியர் அறையில் எனக்கு ‘நரிக்கு மாமனார்’ என்று பெயர். தண்ணீர் குடிக்கப் போனால் உடற்பயிற்சி ஆசிரியர் ஊளையிடுகிறார். இருபத்தொன்பது வருட சர்வீஸில் எனக்குக் கிடைத்த பட்டம் இது.

என் வகுப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் அப்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முப்பத்துநான்கு பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பேசும் மொழிகள் பதினொன்று. துறைமுக வேலைக்கு வந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், மருத்துவமனைக்கு வந்த நர்சுகள், ஊரே வேண்டாம் என்று ஓடி வந்தவர்கள், எல்லோர் வீட்டுப் பிள்ளையும் அதில் உண்டு. நான் பள்ளி மொழியில் ஒன்று சொன்னால், அது பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி, நான்கு மொழி தாண்டிக் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேருவதற்குள் வேறு ஏதோ ஒன்றாகியிருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. “நாளைக்கு அளவுகோல் கொண்டு வாங்க” என்று சொன்னதற்கு ஒரு பிள்ளை வீட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தது. இருந்தாலும் அது வகுப்பு. அங்கே யாராவது யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். என் கஷ்டமே அவர்கள் வாயை மூட வைப்பதுதான்.

அதற்குள் உங்கள் பெட்டிகள் வந்தன. முப்பத்துநான்கு டேப்லெட், சார்ஜ் போடும் அலமாரியில் முப்பது செருகிகள். தினமும் காலையில் நான்கு பிள்ளைகளுக்கு உயிர் இல்லாத கண்ணாடிதான் கிடைக்கும், அந்த நான்கு பேர் யார் என்பதைத் தீர்க்கவே முதல் பாடவேளை போய்விடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கடவுச்சொல் மூன்று படங்கள். ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள், “எனக்குக் குடை, மீன், சாவி! உனக்கு என்ன?” என்று வகுப்பு முழுவதும் கூவிக் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டது. இணைய இணைப்போ ஜன்னல் பக்கச் சுவரை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ஆகவே முப்பத்துநான்கு பிள்ளைகளும் அந்த ஒரு சுவரோரமாக ஒண்டி உட்கார, மீதி வகுப்பறை காலியாகக் கிடக்கிறது. நான் அந்தக் காலியில் நின்றுகொண்டிருக்கிறேன்.

தினமும் காலையில் நரி பிள்ளைகளிடம் “இன்னிக்கு உன் மனசு எப்படி இருக்கு?” என்று கேட்கிறது. ஐந்து முகங்கள், அதில் கோபமான முகம் சிவப்பு. எங்கள் பிள்ளைகளுக்குச் சிவப்பு என்றால் உயிர். அவர்கள் அதை அமுக்கிவிட்டுப் போக, எனக்குத் தினமும் எட்டரைக்கு உங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது: ‘உங்கள் வகுப்பில் இருபத்தாறு குழந்தைகள் கடும் கோபத்தில் இருக்கிறார்கள். உடனே பேசுங்கள்.’ நான் தலையைத் தூக்கிப் பார்த்தால் இருபத்தாறும் இளித்துக்கொண்டு இருக்கும். வகுப்பில் கடும் கோபத்தில் இருக்கிற ஒரே ஆளை உங்கள் நரி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இனி நரி. கண்ணாடி போட்டு, கோட்டுப் போட்டு, ‘நான்தான் உன் ஆசிரியர்’ என்று வேறு சொல்லிக்கொள்கிறது. அதன் சட்டையில் பொத்தான்களுக்குப் பதிலாக நான்கு விடைகள். கேள்வியைக் கேட்டுவிட்டு வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். பிள்ளை சரியான பொத்தானைத் தொட்டால் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் நெளிந்து சிரிக்கும், நட்சத்திரம் கொடுக்கும். தப்பான பொத்தானைத் தொட்டால் முகத்தை வாலால் மூடிக்கொண்டு அழும். ஒரு பிள்ளை, நரி அழுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒரு மாதம் விடாமல் தப்பான விடை போட்டது. இன்னொரு பிள்ளை நரி அழுதால் தானும் அழுதது. இருவருக்கும் நரி கொடுத்த அறிக்கை ஒன்றுதான்: ‘கூட்டல் வராது.’ நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். மேலே விழுந்து பிடுங்கியது எப்படி என்றுதான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் ‘வீட்டு மொழி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா? தொட்டால் நாற்பத்தொரு மொழிகள் வரிசையாக விழும். எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த மொழியில் நரி கேள்வி கேட்கும். நல்ல ஏற்பாடு என்று நானே சொன்னேன், மறைக்கவில்லை. அந்த நாற்பத்தோராவது மொழி, வெகுதூரத்து மலைப் பக்கத்து மொழி. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. எங்கள் பள்ளியில் அதைப் பேசுகிறவள் ஒரே ஒரு பிள்ளை. ஐந்து மாதத்துக்கு முன்பு வந்து சேர்ந்தாள், எல்லோரும் ‘புதுப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுகிறோம். அம்மா ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள், வேறு யாரும் இல்லை. அந்த மொழிக்குக் குரல் கொடுக்க உங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தவர் யாரோ ஒரு முதியவர் போலிருக்கிறது. பாவம், ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் இருமுகிறார். இருமலையும் வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பிள்ளை டேப்லெட்டைத் தொடுவதே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நரி கேள்வி கேட்கும், இருமும், இருபது விநாடி காத்திருக்கும், பிறகு பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். ஐந்து மாதமாகப் பூஜ்யம். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து விரலைப் பிடித்துத் தொடவைக்கப் பார்த்தேன். நெருப்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். போன மாதம் உங்கள் நரி அவளைப் பற்றி அறிக்கை எழுதிவிட்டது: ‘கற்கும் ஆயத்தம் இல்லை. சிறப்புப் பள்ளிக்கு மாற்றப் பரிந்துரைக்கிறோம்.’ அந்தப் பள்ளி ஊரின் மறுகோடியில் இருக்கிறது, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இந்த வெள்ளிக்கிழமை அதை முடிவு செய்யும் குழு கூடுகிறது. வகுப்பு ஆசிரியர் என்று போட்டிருக்கிற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு அவள் மதிப்பெண் வரைபடத்தைக் காட்டினோம். அடிமட்டத்தோடு ஒட்டிப் போகிற அந்தக் கோட்டை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். மொழி தெரியாது, என்ன கேட்பாள்? தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இது ஒரு பக்கம் இருக்க, அவள் பக்கத்தில் உட்காருகிறவள் பஸ் டிரைவரின் மகள். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் அவள் எழுந்து நின்று சொன்னாள்: “சார், இவளுக்கு மட்டும் நரி ரெண்டு பொத்தானைக் கழட்டிடுது சார். ரெண்டே ரெண்டுதான் இருக்கு.” போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஆள் குறைவாகப் பேசும் மொழிக்கு உதவி அதிகம் கொடுக்க வேண்டும் என்று உங்கள் நிறுவனத்தில் யாரோ புண்ணியவான் நினைத்திருக்கிறார். நாற்பத்தோராம் மொழி என்றால் நான்கு விடையில் இரண்டு தப்பான விடைகள் தாமாகவே மறையும், நேரம் இரட்டிப்பு, நட்சத்திரமும் இரட்டிப்பு. நான் ரேடியோவை உட்காரச் சொன்னேன். ரேடியோவை உட்காரத்தான் வைக்க முடியும்.

மறுநாள் காலை பஸ் டிரைவர் சீருடையோடு வந்து நின்றார். யார் தெரியுமா அவர்? பள்ளியின் பெயர்ப் பலகையில் தங்கள் மொழி மூன்றாவது வரியில் இருக்கிறது, முதல் வரிக்கு வர வேண்டும் என்று போன வருடம் நான்கு பக்கம் மனு எழுதியவர். “மொழி எங்க உயிர் சார்” என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், எங்க வீட்டு மொழியைத் தப்பாப் பதிஞ்சிட்டோம். நாங்க அந்தக் கடைசி மொழிதான்” என்றார்.

“எந்தக் கடைசி மொழி?”

“அதான் சார், நாப்பத்தொண்ணு.”

“மொழிக்குப் பேர் என்னங்க?”

“வீட்டுல பேசுறதுதான் சார், பேரெல்லாம் வச்சுக்கிறதில்லை.”

மொழிக்காக உயிரையே கொடுப்பேன் என்றவர், இரண்டு பொத்தான் கழலுகிறது என்றதும் மொழியையே கொடுத்துவிட்டார். பெற்றோர் சொல்வதைப் பதிய வேண்டும், ஆசிரியர் கேள்வி கேட்கக் கூடாது என்று உங்கள் கையேட்டில் எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பதிந்தேன். பதிந்த மூன்றாம் நாள் ரேடியோவுக்குத் தொண்ணூற்றாறு. அவ்வளவுதான். நர்சம்மா வந்தார், “என் மாமியார் பக்கம் நாப்பத்தொண்ணு சார்” என்றார். தையல்கார அண்ணன் வந்தார், தன் கொள்ளுத்தாத்தா அந்த மலையில் மாடு மேய்த்ததாகச் சொன்னார். ஒரு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்தார்கள். ஒருவருக்கொருவர் மொழி பிடிக்காமல் பத்து வருடமாகச் சண்டை போடுகிறவர்கள். நாற்பத்தொன்றில் சமாதானமாகி, கைகோத்துக்கொண்டு போனார்கள். நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்குமாம். இங்கே ஆடுகளே வரிசையில் வந்து நின்று, எங்களை எடுத்துக்கோ என்கின்றன. இன்று தேதிக்கு, புதுப்பிள்ளையைச் சேர்க்காமலே, முப்பத்துநான்கில் இருபத்துமூன்று பிள்ளைகள் அந்தக் கண்காணாத மலையின் மக்கள்.

விளைவைக் கேளுங்கள். தினமும் ஒரு மணி நேரம் என் வகுப்பில் இருபத்துநான்கு நரிகள், ஒரே கிழவர் குரலில், முன்னே பின்னே இருமுகின்றன. தலையில் மாட்டும் ஹெட்போன்களில் பாதி வேலை செய்யவில்லை, ஆகவே எல்லாம் வெளியே கேட்கிறது. காசநோய் மருத்துவமனை வராந்தாவில் நிற்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. பிள்ளைகள் சும்மா இருக்குமா? கேட்டதையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சரி என்பதற்கு ஒரு சத்தம், தப்பு என்பதற்கு ஒரு சத்தம், எண்கள் நூறு வரை. கணக்கு திரையில் எண்ணாகவும் தெரிவதால், எந்தச் சத்தத்துக்கு எது பொருள் என்பதும் பிடிபட்டுவிட்டது. இருமலும் மொழியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு அதையும் சேர்த்தே சொல்கிறார்கள். போன வாரம் நான் கரும்பலகையில் ஒரு பெருக்கலைத் தப்பாகப் போட்டுவிட்டேன். இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் ஏதோ சொன்னார்கள். ரேடியோவிடம் கேட்டேன். “‘கவலைப்படாதே, இன்னொரு தடவை முயற்சி செய்’னு அர்த்தம் சார்” என்றாள். என் வகுப்பில், என் கரும்பலகையில், எனக்கு.

தலைமையாசிரியை மகிழ்ச்சியில் இருக்கிறார். வகுப்புச் சராசரி முப்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு ஏறியதை வண்ணத்தில் அச்சடித்து வாசலில் ஒட்டியிருக்கிறார். “இது எல்லாம் பொய்ம்மா, இந்தப் பிள்ளைங்களுக்கும் அந்த மொழிக்கும் சம்பந்தமே இல்லை” என்றேன். “வரைபடம் ஏறுதா இல்லையா சார்?” என்றார். அதற்கு மேல் உங்கள் நிறுவனத்தின் புதிய விளம்பரத் தாள் வந்தது. முதல் பக்கத்தில் என் வகுப்புப் படம், கீழே ‘அழிந்து வரும் மொழி ஒன்றைப் பேசும் இருபத்துமூன்று குழந்தைகளின் வெற்றிக் கதை’ என்று கொட்டை எழுத்து. படத்தில் பஸ் டிரைவரின் மகள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். உண்மையில் அந்த மொழியைப் பேசுகிற ஒரே பிள்ளை, கோட்டைக் கீழே இழுக்கிறாள் என்பதால், படத்திலிருந்து வெட்டப்பட்டிருக்கிறாள். ஓரத்தில் அவள் முழங்கை மட்டும் தெரிகிறது. மாப்பிள்ளை, அந்த விளம்பரத்துக்கு வாசகம் எழுதியது நீங்கள் என்று மகள் சொன்னாள். நான் நம்பவில்லை. நரிதான் எழுதியிருக்கும்.

ஆகவே, பெண்ணைக் கொடுத்தவன் என்ற முறையில் பணிவோடு மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, இந்த வீட்டு மொழிக் கட்டத்தை வெள்ளிக்கிழமைக்குள் பூட்டி, இருபத்துமூன்று பிள்ளைகளையும் அவரவர் அப்பன் பாட்டன் மொழிக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் திருத்தப் பார்த்தால் ‘பெற்றோர் ஒப்புதல் தேவை’ என்று நரி கையை விரிக்கிறது, உங்களால்தான் முடியும். இரண்டாவது, அந்தக் கிழவரின் குரலை என் வகுப்பிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளை போன பிறகு அது இங்கே யாருக்கு? மூன்றாவது, அடுத்த வருடம் இலவசம் என்றாலும் வேண்டாம்.

அந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன். உங்கள் நரி சொன்னதில் ஒன்றே ஒன்று சரியாக இருக்குமானால் அது இதுதான். ஐந்து மாதத்தில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? மனசு கேட்கத்தான் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

எங்கள் மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள், நீங்களும் மீட்டிங்கின் நடுவே எப்போதாவது சாப்பிடுங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். நீங்கள் எல்லாச் செல்வமும் பெற்று, நரியைத் தவிர மற்ற சகல ஜீவராசிகளோடும் நீடூழி வாழ வேண்டும் என்று உங்கள் அத்தை ஆசி கூறுகிறாள். ‘நரியைத் தவிர’ என்பது என் இடைச்செருகல்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
மாமா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனவன், தபால் பெட்டியில் போட மறந்துவிட்டேன். நல்லவேளை. உறையைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று காலையிலிருந்து இணைப்பு இல்லை. முப்பத்துநான்கு நரிகளும் ஒரே இடத்தில் உறைந்து நின்றுவிட்டன. நான் சந்தோஷமாகச் சுண்ணாம்புக்கட்டியை எடுக்கப் போனேன். அதற்குள் ரேடியோ, நரி இல்லாத குறையைத் தீர்க்கத் தானே நரியாகிவிட்டாள். காகிதத்தில் நான்கு பொத்தான் கிழித்துச் சட்டையில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு புதுப்பிள்ளையின் முன்னால் போய் நின்று, கிழவர் குரலில், நடுவே ஒரு இருமல் இருமி, அந்த மொழியில் ஒரு கேள்வி கேட்டாள். புதுப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எப்போதும்போல் முணுமுணுத்தாள். ரேடியோ என் பக்கம் திரும்பி, “சார், ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டேன். அம்பத்தாறுங்கிறா சார்” என்றாள்.

இன்னொன்று கேட்கச் சொன்னேன். சரி. இன்னொன்று. சரி. கழித்தல் கேட்டோம், வகுத்தல் கேட்டோம். ரேடியோவுக்குத் தெரியாத எண்ணை நர்சம்மாவின் பிள்ளை எடுத்துச் சொன்னது, தையல்காரர் மகன் விரல் விட்டுக் காட்டினான். பதினெட்டுக் கேள்வி, பதினெட்டும் சரி. “இவ்வளவும் தெரிஞ்சவ நரிகிட்ட ஏன் சொல்லலைன்னு கேளு” என்றேன். அதற்கு ரேடியோவிடம் மொழி போதவில்லை, பாதியைக் கையால் கேட்டாள். பதிலும் பாதி கையாலேயே வந்தது. “சொன்னாளாம் சார். தினமும் எல்லாத்துக்கும் சொன்னாளாம். தாத்தாவுக்குத்தான் காது கேக்கலையாம்.”

“பொத்தானை ஏன் தொடலை?”

புதுப்பிள்ளை ரேடியோவின் வயிற்றை ஒற்றை விரலால் குத்துவதுபோல் காட்டி, உடனே தன் கையிலேயே ஓங்கி ஒரு அடி போட்டுக்கொண்டாள். அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்கிற பெரியவரை, அதுவும் இருமிக்கொண்டிருக்கிற பெரியவரை, வயிற்றில் விரலால் குத்தக் கூடாது. வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை, நம் வீட்டிலும் அப்படித்தான் வளர்த்தோம்.

உங்கள் நரிக்குக் காது இல்லை, அது உங்கள் கணக்கு. எனக்கு இரண்டு இருந்தன. அவள் வாய் அசைவதை ஐந்து மாதம் என் கண்ணால் பார்த்துவிட்டு, ‘முணுமுணுப்பு’ என்று மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள். உங்கள் நரி சொன்ன எதையும் நம்பாதவன் இது ஒன்றை மட்டும் நம்பினேன். ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மேலே கேட்ட மூன்றையும் அடித்துவிடுங்கள். அந்தக் கட்டத்தைத் திருத்தினீர்களோ, பெண்ணைக் கொடுத்தவன் என்றும் பார்க்க மாட்டேன். இருபத்துமூன்று பேரும் நாற்பத்தொன்றிலேயே இருக்கட்டும். மீதிப் பத்துப் பிள்ளைகளின் பெற்றோரை நாளைக்கு நானே கூப்பிட்டு, அவர்கள் கொள்ளுத்தாத்தா எந்த மலையில் மாடு மேய்த்தார் என்று விசாரிக்கப் போகிறேன். கிழவரின் குரலில் கை வைக்காதீர்கள், இருமல் உட்பட. முடிந்தால் அவருக்கு ஒரு காது மட்டும் வைத்துக் கொடுங்கள். படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை குழுவுக்கு ரேடியோவை அழைத்துக்கொண்டு போகிறேன், அவர்களுக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது.

மணி அடித்த பிறகு, நரிக்குத் தெரிந்த வார்த்தைகளில் மன்னிப்பு என்று ஏதாவது உண்டா என்று ரேடியோவிடம் கேட்டேன். இருக்கிறதாம். ‘மன்னித்துக்கொள், நேரம் முடிந்துவிட்டது’ என்று அது சொல்லுமாம். முன் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய், புதுப்பிள்ளையின் பெஞ்சுக்கு முன்னால் குனிந்து நின்று சொன்னேன். அவள் தலையைத் தூக்கி முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். பிறகு என் உச்சரிப்பைத் திருத்தினாள். மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் சரி என்று தலையாட்டினாள்.